ஹான்ரகன் துறையில் கிளைவ்

மூன்றாவது ஓடையிலும் கிளைவ் வண்டியை நிறுத்தவில்லை.

பின்னால் வந்த வண்டியிலிருந்து லொரெய்ன் பார்த்துக்கொண்டே இருந்தாள். செம்மண் சரிவில் அவள் தம்பியின் வெள்ளை வண்டி இறங்கியது. பிரேக் விளக்கு ஒரு தடவைகூடச் சிவக்கவில்லை. அப்படியே தண்ணீருக்குள் பாய்ந்து, இரண்டு பக்கமும் நீரை வாரியடித்து, எதிர்க்கரையில் ஏறி மரங்களுக்குள் மறைந்துவிட்டது.

"பாத்தியா உன் தம்பிய," என்றான் அவள் கணவன் ட்ரெவர். அவன் தன் வண்டியைக் கரையிலேயே நிறுத்தி, கைபிரேக்கை இழுத்தான். "ஆழம் பாக்கல, அடியில என்ன கல்லு கிடக்குன்னு பாக்கல. நான் இப்படிப் போயிருந்தா அவன் என்னை ஒரு வாரம் வறுத்தெடுத்திருப்பான்."

"இது முழங்கால் தண்ணிதான்னு அவனுக்குத் தெரிஞ்சிருக்கும்."

"எப்படித் தெரியும்? மூணு வருஷமா இந்தப் பக்கமே வரலையே."

ட்ரெவர் கம்பை எடுத்துக்கொண்டு இறங்கினான். நாற்பது வருடம் மரீபா ஊரில் கறிக்கடை நடத்தியவன். கடையை விற்றுவிட்டு அந்தப் பணத்தில் வாங்கிய வண்டி இது. அதன் சக்கரம் நனைவதற்கு முன்னால் தன் கால் நனைய வேண்டும் என்பது அவன் வைத்திருந்த சட்டம். அந்தச் சட்டத்தை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவனே கிளைவ்தான்.

முப்பத்தொரு வருடம் கிளைவ் வட்டாரச் சாலைகளின் மேற்பார்வையாளனாக இருந்தான். மழைக்காலம் முடிந்ததும் நாட்டின் வடகோடியான கேப் யார்க்கின் மண்பாதைகளை என்றைக்குத் திறப்பது என்று முடிவுசெய்கிறவன் அவன். ஏப்ரல் மாதம் முழுக்க அளவு குறித்த கம்போடு ஒவ்வொரு ஓடையாக இறங்கி நடப்பான். நிறுத்தாமல் தண்ணீருக்குள் போகிற சுற்றுலாக்காரர்களை நடுப்பாதையில் மறித்துத் திட்டுவான். "உங்க பிணத்த நான் தூக்கணும், அந்த வேலைக்கு எனக்குச் சம்பளம் தரல," என்பான்.

மூன்று வருடத்துக்கு முன் மே மாதத்தில், வண்டிகள் ஆற்றில் இறங்கிக் கடக்கும் ஹான்ரகன் துறையை அவன் திறந்தான். தண்ணீர் தொடையளவுகூட இல்லை. 'பாதை மூடப்பட்டது' என்ற பலகையைத் தன் கையாலேயே கழற்றி வண்டியில் போட்டுக்கொண்டு வந்தான். மறுநாள் மலைப்பக்கம் எங்கோ காலம் தப்பிய மழை கொட்டியது. அதற்கடுத்த காலையில் ஆலன் டல்லக், ஜாய்ஸ் டல்லக் என்று தெற்கே பல்லாரட் நகரத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற தம்பதி அந்தத் துறையில் இறங்கினார்கள். வண்டி இரண்டு கிலோமீட்டர் கீழே கிடைத்தது.

விசாரணை பதினான்கு மாதம் நடந்தது. கிளைவ்மேல் குற்றம் இல்லை, அவன் இடத்தில் யார் இருந்தாலும் திறந்திருப்பார்கள் என்று தீர்ப்பு எழுதினார்கள். அந்த வாரமே அவன் வேலையை விட்டான். அதன்பிறகு வீட்டு ஜன்னல் திரைகளை இறக்கிவிட்டு உள்ளேயே இருந்தான். இந்தப் பிப்ரவரியில் ஒருநாள் சவரம் செய்துகொண்டு அக்காள் வீட்டுக்கு வந்து, "மழ விட்டதும் வடக்கால ஒரு சுத்து போலாமா, மூணு பேரும்?" என்று கேட்டபோது லொரெய்ன் சமையலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள். தம்பி திரும்பி வந்துவிட்டான் என்று நினைத்தாள்.

ட்ரெவர் எதிர்க்கரைவரை நடந்து, திரும்பி வந்து, ஈரக் காலோடு வண்டியில் ஏறினான்.

"முழங்கால்தான்," என்றான் கடுப்பாக.

அன்று மாலை மூன்று மணிக்கே கூடாரம் போட்டார்கள். தாளாகப் பட்டை உரியும் மரங்களும் தாழைப் புதரும் சூழ்ந்த ஓடைக்கரை. கறையான் புற்றுகள் ஆளுயரத்துக்கும் மேலாகச் சிவந்து நின்றன. ட்ரெவர் நெருப்பு மூட்டி வாணலியை வைத்தான். கடையை விற்றாலும் குடலில் இறைச்சி அடைத்த சாசேஜை மட்டும் இன்னும் அவனே செய்து எடுத்து வருவான். தணலுக்குள் லொரெய்ன் ரொட்டி மாவைப் புதைத்தாள். கிளைவ் தூண்டிலோடு ஓடையில் கணுக்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான்.

"மச்சான், உன்னை முதலை தூக்கிட்டுப் போச்சுன்னா உன் வண்டி எனக்குத்தானே?" என்று கத்தினான் ட்ரெவர்.

"எடுத்துக்கோ. முன் டயர் ரெண்டையும் மட்டும் மாத்திடு."

அவன் சிரிக்காமல் சொன்னான். ட்ரெவர் சிரித்தான்.

"டேய், மேல ஏறி வாடா," என்றாள் லொரெய்ன்.

"இது மேல்தண்ணி, லொரி. பெருசெல்லாம் கீழ, கடல் பக்கம்."

"இப்படிச் சொல்றவங்கள முன்னாடி நீ என்ன திட்டுவ."

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். யாரோ தெரிந்தவரின் பெயரைச் சொல்லிக் கேட்டதுபோல ஒரு பார்வை. பிறகு தூண்டிலைச் சுற்றிக்கொண்டு கரையேறினான்.

சாப்பிடும்போது அவன் நன்றாகவே பேசினான். அதுதான் அவளுக்கு உறுத்தியது. ட்ரெவரோடு முப்பது வருடமாக ஒரே சண்டை, ஒரே கேலி. அன்றைக்கு ஒன்றையும் காணோம். இரண்டாவது சாசேஜை முடித்துவிட்டு, "மச்சான், உன் சாசேஜ் நல்லா இருக்குன்னு நான் இதுவரைக்கும் சொன்னதே இல்ல, இல்ல? நல்லாத்தான் இருக்கும். எப்பவுமே," என்றான்.

ட்ரெவர் முள்கரண்டியை நிறுத்தினான். "என்னய்யா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"இருக்கறதைத்தான் சொன்னேன்."

"போன கிறிஸ்துமஸுக்கு மரத்தூள்னு சொன்ன."

"அது போன கிறிஸ்துமஸ்."

பேச்சை மாற்றுவதற்காக லொரெய்ன் அவன் நாயைப் பற்றிக் கேட்டாள்: "பிக்கிளை யார்கிட்ட விட்டுட்டு வந்த? உன்னைப் பாக்காம சாப்பிடாதே அது."

"பக்கத்துத் தோட்டத்து வார்விக் வீட்ல."

"திரும்பிப் போனதும் உன்மேல ஏறிக் குதிக்கப்போகுது."

"இல்ல. அங்கயே இருக்கட்டும்னு குடுத்துட்டேன். அவன் பொண்ணுங்களுக்கு அதைப் புடிச்சிருக்கு."

பதினொரு வருடம் அவன் படுக்கையிலேயே தூங்கிய நாய். லொரெய்ன் தட்டைக் கீழே வைத்தாள். மேலே ஏதாவது கேட்க வேண்டும் என்று தோன்றியது, என்ன கேட்பது என்று தெரியவில்லை. அதற்குள் கிளைவ் எல்லாத் தட்டுகளையும் வாங்கிக்கொண்டு கழுவப் போய்விட்டான்.

கூடாரத்துக்குள் போனதும் அவள் ட்ரெவரிடம் மெதுவாகச் சொன்னாள்: "நாயைக் குடுத்துட்டான்."

"வயசாகுதில்ல. வளக்க முடியல போல."

"ஓடைல நிறுத்த மாட்டேங்கறான். உன் சாசேஜ் நல்லா இருக்குங்கறான்."

"அது ஒண்ணுதான் உண்மை."

"விளையாடாத ட்ரெவர். காலைல அவன்கிட்ட நான் கேட்டுடறேன்."

"என்னன்னு கேப்ப?"

அந்தக் கேள்வியை என்ன சொற்களில் கேட்பது என்று யோசித்தபடியே லொரெய்ன் படுத்திருந்தாள். சுற்றி வளைத்துக் கேட்டால் நழுவிவிடுவான். நேராகக் கேட்டால், ஒருவேளை அவன் நினைக்கவே இல்லாத ஒன்றை அவளே அவன் தலைக்குள் போட்டதாகிவிடுமோ என்று பயம். நேராகத்தான் கேட்க வேண்டும் என்று பின்னால் மருத்துவர் அவளிடம் சொன்னார். கேட்பதால் யாருக்கும் அந்த எண்ணம் வந்துவிடாது என்றார். அன்றைக்கு அவளுக்கு அது தெரியாது.

விடிந்து எழுந்து வந்தபோது கிளைவின் வண்டி நின்ற இடத்தில் சக்கரத் தடம் மட்டும் இருந்தது.

முதலில் மீன்பிடிக்கத்தான் போயிருக்கிறான் என்று நினைத்தாள். அடுத்த நொடி மரத்தடியைப் பார்த்தாள். தண்ணீர்க் கேன்கள் நான்கும், டீசல் கேன்கள் இரண்டும், சாப்பாட்டுப் பெட்டியும், வாடகைக்கு எடுத்த சாட்டிலைட் போனும் வெயில் படாத பக்கமாக ஒழுங்காக அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. எல்லாம் அவன் வண்டியில் வந்தவை. போனின் மேல் அவனுடைய கைக்கடிகாரம் இருந்தது.

"ட்ரெவர்."

அவள் கத்தவில்லை. ஆனாலும் ட்ரெவர் சட்டைப் பட்டன் போடாமல் ஓடிவந்தான். வந்தவன் கேன்களைப் பார்த்ததும் திட்ட ஆரம்பித்தான். "தண்ணி இல்லாம எங்க போய்த் தொலஞ்சான் இந்த முட்டா..." பாதியில் நிறுத்திக்கொண்டான். தண்ணீர் இல்லாமல் கிளைவ் பக்கத்து ஊருக்குக்கூடப் போகமாட்டான் என்று அவனுக்கும் தெரியும். வாயைத் துடைத்துக்கொண்டு, "எந்தப் பக்கம்?" என்றான்.

தடம் கிழக்கே போயிருந்தது. அவர்கள் போக வேண்டியது மேற்கே, வெய்ப்பா ஊருக்கு. கிளைவ்தான் பயணத் திட்டம் போட்டவன். கிழக்குக் கிளையில் முப்பத்தைந்து கிலோமீட்டரில் என்ன இருக்கிறது என்று வரைபடத்தைப் பார்க்காமலே லொரெய்னுக்குத் தெரிந்தது. மரீபாவில் மேசைமேல் வரைபடத்தை விரித்து வழி காட்டியபோது அவன் கட்டைவிரல் அந்த இடத்தின்மேல்தான் இருந்தது.

கூடாரத்தைப் பிரிக்கவில்லை. தண்ணீரையும் போனையும் மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். போனில் போலீஸுக்குச் சொன்னாள். எதிர்முனையில் இருந்த பெண் பொறுமையாக எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டு, பக்கத்து நிலையத்திலிருந்து வண்டி வர நாலு மணி நேரமாவது ஆகும் என்றாள். "நீங்க அவரைப் பாத்தா பேசிட்டே இருங்க. தனியா விடாதீங்க," என்றாள்.

ட்ரெவர் அன்றைக்கு ஓட்டியதுபோல் அதற்கு முன்னும் பின்னும் ஓட்டியதில்லை. அலையலையாக நெளிந்த மண்பாதையில் வண்டி பல்லைக் கடித்துக்கொண்டு ஓடியது. பின்னால் பாத்திரங்கள் உருண்டன. வழியில் ஓர் ஓடை வந்தது. லொரெய்ன் கதவைத் திறக்கப் போனாள்.

"நீ இரு," என்று கம்பைக்கூட எடுக்காமல் அவனே இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் தடுமாறித் தடுமாறிக் கடந்து, அங்கிருந்தே கையசைத்தான். அவள் ஸ்டியரிங்குக்கு மாறி வண்டியைத் தண்ணீருக்குள் விட்டாள். எதிர்க்கரையில் ஏறிக்கொண்ட அவன் மூச்சு வாங்கியபடி, "இருப்பான், லொரெய்ன்," என்றான். அவள் அவன் நனைந்த முழங்கால்மேல் கை வைத்தாள்.

ஹான்ரகன் துறைக்கு வந்தபோது மணி எட்டரை இருக்கும்.

பாதை சரிந்து இறங்குகிற இடத்தில் ட்ரெவர் வண்டியை நிறுத்தினான். பழுப்பு நிறத்தில் அகலமான ஆறு. மழைக்காலத்து நீர் இன்னும் முழுதாக வடியவில்லை. பதினைந்து மீட்டர் தள்ளி, கடக்கும் வழியிலிருந்து சறுக்கிப் பள்ளத்தில் மூக்கு குத்தி நின்றது வெள்ளை வண்டி. முன்பக்கம் கண்ணாடிவரைக்கும் தண்ணீருக்குள் இருந்தது. பின்பக்கத்துத் திறந்த தட்டு மட்டும் ஒரு சாண் மேலே நின்றது. ஓட்டுநர் அறையின் கூரைமேல் முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையில் தொப்பியில்லாமல் கிளைவ் உட்கார்ந்திருந்தான்.

லொரெய்ன் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள்.

"தண்ணிகிட்ட வராதீங்க," என்று கிளைவ் கத்தினான். அவன் குரல் உடைந்திருந்தது. "இடது பக்கம் பாருங்க. மணல்மேல."

பார்த்தார்கள். முதலில் அடித்துவந்த மரக்கட்டை என்றுதான் தோன்றியது. பிறகு அதன் வாய் திறந்திருப்பது தெரிந்தது. நாலு மீட்டருக்குக் குறையாது. கிளைவின் வண்டிக்கும் அதற்கும் நடுவே ஒரு பள்ளிக்கூட வகுப்பறை அளவு தூரம்கூட இல்லை.

"எவ்வளவு நேரமா?" என்று ட்ரெவர் கேட்டான்.

"விடியறதுக்கு முன்னாடிலேருந்து. என்னையே பாத்துட்டு இருக்கு. முதல்ல அது தண்ணிலதான் இருந்துச்சு."

"அடி கிடி பட்டிருக்கா?"

"இல்ல. நீங்க வரமாட்டீங்க, வெய்ப்பா போயிருப்பீங்கன்னு நினச்சேன்," என்றான்.

"கூடாரத்த அப்படியே போட்டுட்டு வந்திருக்கோம்யா. என் புது நாற்காலி அங்க கிடக்கு," என்றான் ட்ரெவர். பேசிக்கொண்டே வண்டியின் முன்னாலிருந்த வின்ச் என்ற இழுவைப் பொறியிலிருந்து இரும்புக் கயிற்றை உருவ ஆரம்பித்திருந்தான். தன் வண்டியின் பின்பக்கத்தைச் சங்கிலியால் ஒரு பெரிய மரத்தோடு கட்டினான். கூடார முளை அடிக்கும் சுத்தியலில் மெல்லிய நைலான் கயிற்றைக் கட்டி, அதன் மறுமுனையை இரும்புக் கயிற்றின் கொக்கியோடு முடிந்தான்.

"லொரெய்ன், நீ வேற எதையும் பாக்காத. அந்த முதலைய மட்டும் பாரு," என்றான்.

முதல் தடவை அவன் வீசிய சுத்தியல் தண்ணீரில் விழுந்தது. இரண்டாவது தடவை வண்டியின் ஓரத்தில் மோதிச் சறுக்கியது. மூன்றாவது தடவை தட்டுக்குள் விழுந்து சத்தம் போட்டது. கிளைவ் கூரையிலிருந்து மெதுவாக இறங்கி, கயிற்றை இழுத்தான். இரும்புக் கயிறு தண்ணீருக்குள் நெளிந்து நெளிந்து அவனிடம் போய்ச் சேர்ந்தது.

இனி அந்தக் கொக்கியை வண்டியின் பின்னடியில் உள்ள வளையத்தில் மாட்ட வேண்டும். வளையம் தண்ணீருக்குள் இருந்தது. தட்டில் குப்புறப் படுத்து, தோள்வரை கையை உள்ளே விட்டால்தான் எட்டும்.

கிளைவ் படுத்தான். கையை விட்டான்.

லொரெய்ன் முதலையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வாய் மூடியது. அவ்வளவு பெரிய உடம்பு, ஒரு சத்தமும் இல்லாமல், மணலிலிருந்து வழிந்து போவதுபோலத் தண்ணீருக்குள் போனது. ஒரு வட்டம்கூட மிஞ்சவில்லை.

"கிளைவ், இறங்கிடுச்சு. கைய எடு."

அவன் கையைப் பிடுங்கிக்கொண்டு எழுந்த வேகத்தில் தலை இடித்தது. தவழ்ந்து, வழுக்கி, மறுபடி கூரைமேல் ஏறிக்கொண்டான். கொக்கி மட்டும் அவன் கையில் இருந்தது.

காத்திருந்தார்கள். அது எழும்பவில்லை. பத்து நிமிடம், அரை மணி. பழுப்புத் தண்ணீர் எதையும் காட்டிக்கொடுக்காமல் ஓடியது. கறுப்புக் கொண்டைக்கிளிகள் கூட்டமாகக் கத்திக்கொண்டு மேலே போயின. போலீஸ் வண்டி வரும்வரை இப்படியே இருக்கட்டும் என்று ட்ரெவர் சொல்லி முடிப்பதற்குள் வெள்ளை வண்டி முனகியது. அடியில் மணல் கரைந்து, அது ஒரு கை அகலம் பள்ளத்தை நோக்கி நகர்ந்தது. கிளைவ் கூரையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டான்.

"மச்சான், அது நிக்காது," என்றான் ட்ரெவர். "இப்பவே மாட்டணும்."

கிளைவ் அசையவில்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கிளைவ்," என்றாள் லொரெய்ன்.

"எனக்குப் பயமா இருக்கு, லொரி."

சின்ன வயதில்கூட அவன் அப்படிச் சொன்னதில்லை. ஐம்பத்தெட்டு வயது ஆள், முகம் முழுக்கச் சேறு, உதடு துடிக்கிறது. அந்தக் கணத்தில் அவளுக்குள் என்னவோ இளகியது. அவளுக்கு அழுகை வந்தது. அது துக்கத்தின் அழுகையாகவும் இல்லை.

"பயப்படு," என்றாள். "நல்லாப் பயப்படு. பயந்துகிட்டே அதை மாட்டு. நான் பாத்துட்டு இருக்கேன்."

"அது எங்க இருக்குன்னு உனக்குத் தெரியுமா?"

பொய் சொல்லலாம் என்று ஒரு நொடி நினைத்தாள். "தெரியல," என்றாள். "எனக்குத் தெரியல. ஆனா சீக்கிரம் மாட்டு."

அவன் இறங்கினான். படுத்தான். ஒரு தடவை கையை விட்டு எடுத்துக்கொண்டான். மறுபடி விட்டான். முகத்தைக் கரைப்பக்கம் திருப்பி, கண்ணை இறுக மூடிக்கொண்டு துழாவினான். லொரெய்ன் தண்ணீரையே பார்த்து நின்றாள். தண்ணீருக்கு அடியில் இரும்பு இரும்பில் உரசும் சத்தம் கேட்டது, அல்லது கேட்டதாக அவளுக்குத் தோன்றியது. அவன் கையை உருவிக்கொண்டு உருண்டு வந்து, "இழு," என்று அலறினான்.

வின்ச் ஊளையிட்டது. சங்கிலி விறைத்தது, மரம் அதிர்ந்து இலை உதிர்த்தது. வெள்ளை வண்டி முரண்டு பிடித்து, பிறகு ஒரு பெருமூச்சோடு பள்ளத்திலிருந்து விடுபட்டு, அங்குல அங்குலமாகப் பின்னால் வந்தது. கரைக்கு இரண்டு மீட்டர் இருக்கும்போதே கிளைவ் குதித்தான். ட்ரெவர் அவனைச் சட்டையோடு பிடித்து மேலே இழுத்துப் போட்டான். அந்த முதலையை அவர்கள் மறுபடி பார்க்கவே இல்லை.

கரையிலிருந்து நன்றாகத் தள்ளி வந்து உட்கார்ந்தார்கள். லொரெய்ன் தேநீர் போட்டாள். கிளைவால் குவளையைப் பிடிக்க முடியவில்லை. அவளே பிடித்துக் குடிக்க வைத்தாள்.

"எதுக்குடா வந்த?" என்று கேட்டாள். இரவெல்லாம் தேடிய கேள்வி இப்படி இரண்டு சொல்லாக வெளியே வந்தது.

அவன் குவளையைப் பார்த்தான். "உனக்குத் தெரியும்."

"நீ சொல்லு."

"திரும்பி வரக்கூடாதுன்னுதான் வந்தேன். இங்கயே முடிஞ்சு போயிடணும்னு. மூணு வருஷமா யோசிச்சு வச்சது." அவன் நிறுத்தி நிறுத்திப் பேசினான். "நடு ஆத்துல எஞ்சின் நின்னுச்சு. சரி, இவ்வளவுதான்னு உக்காந்திருந்தேன். நிம்மதியாக்கூட இருந்துச்சு. அப்பறம் வண்டி விளக்கு வெளிச்சத்துல ஜன்னல் பக்கம் ரெண்டு கண்ணு தெரிஞ்சுது. அதுக்கப்பறம் என்ன பண்ணேன்னு தெரியாது. நினைவு வர்றப்ப கூரைமேல இருந்தேன்."

ட்ரெவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று லொரெய்ன் நினைத்தாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அடக்கப் பார்த்தான், முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தான். "சாகவந்தவன் முதலைக்குப் பயந்து..." என்று சொல்லி மறுபடி குலுங்கினான். கிளைவும் சிரிக்கத் தொடங்கினான். லொரெய்ன் எழுந்து போய்த் தம்பியின் முதுகில் பளாரென்று ஓர் அடி வைத்தாள். இரண்டாவது அடிக்கு ஓங்கிய கையாலேயே அவனை அணைத்துக்கொண்டாள். சிரிப்பு நின்றது.

"அவங்களும் இப்படித்தான் ஏறப் பாத்திருப்பாங்க, லொரி," என்று அவன் அவள் தோளுக்குள் சொன்னான். "ஆலனும் ஜாய்ஸும். கணத்துல போயிருப்பாங்கன்னு விசாரணைல சொன்னாங்க. நானும் அதையே சொல்லிக்கிட்டிருந்தேன். கணமெல்லாம் இல்ல. கூரைல இருக்கறப்ப எனக்குத் தெரிஞ்சுது. எவ்வளவு பயந்திருப்பாங்க."

ட்ரெவர் எழுந்து தண்ணீர்ப் பக்கம் பார்த்தபடி நின்றான். அவன் முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை. அது உன் தப்பில்லை என்று மூன்று வருடமாக எல்லாரும் சொல்லியாகிவிட்டது. லொரெய்ன் தம்பியின் தலையில் காய்ந்திருந்த சேற்றை விரலால் உதிர்த்துக்கொண்டே இருந்தாள்.

"இனிமே என்ன பண்றது?" என்று அவன் கேட்டான்.

"நேரா வெய்ப்பா. ஆஸ்பத்திரி. உன்னைக் கேக்கல, சொல்றேன்."

அவன் தலையாட்டினான்.

போலீஸ் வண்டி மதியத்துக்கு மேல் வந்தது. முட்டிவரை காலுறை போட்ட நடுவயது அதிகாரி, கிளைவைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார். ஹான்ரகன் விசாரணையின்போது சாட்சி சொன்னவர்களில் அவரும் ஒருவர். "வாங்க கிளைவ்," என்று மட்டும் சொல்லிக் கையைக் கொடுத்தார். நீர் புகுந்த வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, ட்ரெவரின் வண்டியில் மூவருமாகக் கிளம்பினார்கள். கிளைவ் நடுவில் உட்கார்ந்தான். ஓர் ஓடை வந்தபோது ட்ரெவர் இறங்கி நடந்தான். அவன் திரும்பி வரும்வரை கிளைவ் கண்ணாடி வழியாக அவன் கால்வைக்கிற இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "இன்னும் கொஞ்சம் வலது பக்கம்," என்று தனக்குத்தானே முணுமுணுத்தான்.

வெய்ப்பாவிலிருந்து அவனைக் கெய்ன்ஸுக்கு விமானத்தில் அனுப்பினார்கள். ஏழு வாரம் அங்கே ஆஸ்பத்திரியில் இருந்தான். இப்போது மரீபாவில் அக்காள் வீட்டுப் பின்னறையில் இருக்கிறான். மாத்திரை சாப்பிடுகிறான், வியாழக்கிழமை தோறும் போய் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு வருகிறான். சில வாரம் வந்து ட்ரெவரோடு சண்டை போடுகிறான். சில வாரம் வந்ததும் படுத்துக்கொள்கிறான். ஆகஸ்டில் டல்லக் தம்பதியின் மகளுக்கு ஒரு கடிதம் எழுதினான். எட்டுத் தடவை கிழித்துப்போட்டு எழுதியது. பதில் வந்தது. நாலே வரி. அதில் மன்னிப்பு என்ற சொல் இல்லை. எழுதியதற்கு நன்றி, இனிமேல் எழுத வேண்டாம் என்று இருந்தது. அவன் அதை லொரெய்னிடம் படிக்கக் கொடுத்துவிட்டு, "நியாயம்தான்," என்றான். அன்று முழுக்கத் தோட்டத்தில் புல் வெட்டினான்.

அவன் தேறிவிட்டானா என்று யாராவது கேட்டால் லொரெய்ன் தேறிவருகிறான் என்றுதான் சொல்வாள். காலையில் எழுந்ததும் சமையலறையில் விளக்கைப் போடாமல் நிற்பாள். பின்னறையில் தம்பி குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டபிறகுதான் கெட்டிலை அடுப்பில் வைப்பாள்.